தண்ணீர்க் கட்டுப்பாட்டில் கட்டிடக் கண்ணாடி துடைப்பது எப்படி? (சென்னை, பெங்களூரு வேலைகளுக்கு)

புதுஒப்பந்தம்:
சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) ஆறு மாடி அலுவலகக் கட்டிடம். வெளிப்பக்கக் கண்ணாடி சுமார் 10,000 சதுர அடி. மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று என்று ஒப்பந்தம். இப்போதைய முறை, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஹோஸ் இறக்கி அடித்து, ஸ்க்ரப்பர் (துணியுறை மாட்டிய தேய்ப்பான்) போட்டு, மறுபடி அடித்து, வைப்பர் (ரப்பர் பட்டை) இழுப்பது. இனிமேல் ஒரு சுற்றுக்கு 500 லிட்டருக்கு மேல் கிடையாது என்று கட்டிட நிர்வாகம் எழுதிக் கொடுத்துவிட்டது. வருவது லாரித் தண்ணீர், டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1,100. 500 லிட்டரில் இந்த வேலை முடியுமா? முடியுமென்றால் முறையை எப்படி மாற்ற வேண்டும்? உப்புக்கறை நின்றுவிட்டால் பில் பாஸ் ஆகாது, அதுதான் பெரிய கவலை.

கயிறுமேல்:
முடியும். 300 லிட்டரிலேயே முடியும். முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

அரை அங்குல ஹோஸ் முழுதாகத் திறந்தால் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை கொட்டும். 100 சதுர அடிக்கு நான்கு நிமிடம் ஹோஸ் ஓடுகிறது என்று வையுங்கள். 10,000 சதுர அடிக்கு 400 நிமிடம். நிமிடத்துக்கு 12 லிட்டர் என்றால் 4,800 லிட்டர். இதில் அழுக்கைக் கரைக்க உதவுவது மிகக் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கண்ணாடியைத் தொட்டுவிட்டுக் கீழே ஓடுகிறது.

வாளி முறைக்கு வந்தால் கணக்கே வேறு. 8 லிட்டர் வாளி ஒன்றில் 400 முதல் 500 சதுர அடி வரை போகும். நம் ஊர்த் தூசிக்கு அதற்கு மேல் இழுத்தால் வாளித் தண்ணீர் சேறாகிவிடும். அப்படிப் பார்த்தால் 20 முதல் 25 வாளி, அதாவது 160 முதல் 200 லிட்டர். ஸ்க்ரப்பர் உறை அலச இன்னொரு 80 லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

செய்முறை:

ஒருவருக்கு இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அலசும் தண்ணீர். அழுக்கு ஸ்க்ரப்பரை நேராகச் சோப்பு வாளிக்குள் விடக் கூடாது. முதலில் அலசும் வாளியில் முக்கிப் பிழிந்துவிட்டு, பிறகுதான் சோப்பு வாளி. இந்த ஒரு பழக்கத்தால் சோப்புத் தண்ணீர் இரண்டு மடங்கு தூரம் வரும்.

பாத்திரம் கழுவும் திரவம் 10 லிட்டருக்கு 5 மி.லி. போதும், அதாவது ஒரு தேக்கரண்டி. நுரை நிறைய வந்தால் சுத்தமாகும் என்று 50 மி.லி. ஊற்றுகிறார்கள். அந்த நுரையை எடுக்கத்தான் மறுபடி ஹோஸ் தேவைப்படுகிறது. வைப்பர் வழுக்கிப் போகும் அளவுக்கு வழவழப்பு இருந்தால் போதும்.

வைப்பர் வைப்பதற்கு முன் கண்ணாடியின் மேல் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு உலர்ந்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். ஈரமான ஓரத்தில் ரப்பரை வைத்தால் அங்கிருந்து கோடு தொடங்கும், அந்தக் கோட்டுக்காக மறுபடி நனைக்க வேண்டி வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைக்கணும். முந்தின இழுப்பின் மேல் ஓர் அங்குலம் ஏறி வரணும். ரப்பர் முனை மழுங்கினால் திருப்பிப் போடுங்கள், இரண்டு பக்கமும் போய்விட்டால் மாற்றுங்கள். நம் வெயிலுக்குக் கடினரக ரப்பர்தான் சரி. மெதுரகம் சூடான கண்ணாடியில் பிடித்து இழுக்கும்.

வெயில் படும் பக்கத்தைத் தொடாதீர்கள். காலையில் மேற்கு முகம், மதியத்துக்கு மேல் கிழக்கு முகம். சூடான கண்ணாடியில் வைப்பர் வருவதற்குள் தண்ணீர் காய்ந்து சோப்பும் உப்பும் ஒட்டிக்கொள்ளும். ஒரே கண்ணாடியை இரண்டு முறை நனைப்பது அதனால்தான்.

நீர்சுத்தி:
கயிறுமேல் சொன்ன கணக்கு சரி. ஆனால் 1,100 டிடிஎஸ் தண்ணீரில் என்ன நடக்கிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். அளவுக் கட்டுப்பாட்டுக்கு விடை பாதி தண்ணீரின் தரத்தில்தான் இருக்கிறது.

1,100 டிடிஎஸ் என்றால் ஒரு லிட்டரில் 1.1 கிராம் உப்பு. கண்ணாடியில் நின்று காயும் ஒவ்வொரு துளியும் அந்த உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். எனவே எந்தத் தண்ணீரும் கண்ணாடியிலேயே காயக் கூடாது. வைப்பரோ துணியோ அதை எடுத்துவிட வேண்டும். அப்படி எடுத்தால் 1,100 டிடிஎஸ் தண்ணீரிலும் கறையில்லாமல் துடைக்கலாம். ஹோஸால் அடித்துவிட்டுத் தானாகக் காயவிடும் முறைக்குத்தான் டிடிஎஸ் 10-க்குக் கீழே வேண்டும்.

கறையில் இரண்டு வகை உண்டு. சோடியம் உப்பு (ஓ.எம்.ஆர். பக்கத்துக் கடலோர போர்வெல் தண்ணீரில் இது அதிகம்) வெள்ளைப் பொடியாக நிற்கும். ஈரத்துணி பட்டால் போய்விடும். கால்சியம், மெக்னீசியம் கார்பனேட் கறை அப்படியல்ல. சில வாரம் விட்டால் கல் மாதிரி இறுகிவிடும். எனவே டிடிஎஸ் மீட்டரோடு கடினத்தன்மை பார்க்கும் சொட்டுச் சோதனைப் பெட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மி.கி., வேறு நீர் இல்லாதபோது 600 வரை. கண்ணாடி வேலைக்கு 200 என்பதே அதிகம்.

கட்டிடத்தில் சாஃப்ட்னர் இருக்கிறதா என்று கேளுங்கள். சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைக்காது. கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். அந்தத் தண்ணீரின் கறை கல்லாகாது. வாளியும் வைப்பரும் வைத்துச் செய்யும் வேலைக்கு அதுவே தாராளமாகப் போதும், சாஃப்ட்னரை உப்புநீர் விட்டுப் புதுப்பிக்கும்போது மட்டும் கொஞ்சம் நீர் வீணாகும்.

புதுஒப்பந்தம்:
ஆர்.ஓ. (சவ்வு வழியே உப்பை வடிகட்டுவது) போட்டு, ரெசின் (மிச்ச உப்பைப் பிடிக்கும் மணிகள்) போட்டு, நீளக் கம்புப் பிரஷ்ஷில் சுத்த நீர் ஓடவிடும் முறை வாங்கலாமா சார்? தண்ணீர் மிச்சமாகும் என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள்.

நீர்சுத்தி:
கண்ணாடியில் மிச்சமாகும். ஆலையில் எவ்வளவு வீணாகிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மணிக்கு 250 லிட்டர் தரும் சிறிய ஆர்.ஓ. ஆலை, கழிவு நீரில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்தி ஓட்டினால் பாதிக்குப் பாதி கிடைக்கும். அதாவது ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒரு லிட்டர் கழிவு. திருப்பிச் செலுத்தும் குழாய் இல்லாவிட்டால் ஒன்றுக்கு மூன்று, நான்கு லிட்டர் வீண். கம்புப் பிரஷ்ஷில் நிமிடத்துக்கு 1.2 லிட்டர் விட்டால், கயிறுமேல் சொன்ன அதே 400 நிமிடத்துக்கு 480 லிட்டர். ஆலைக்குள் போனது 960 லிட்டர். உங்கள் 500 லிட்டர் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

கழிவு நீர் கழிப்பறை ஃப்ளஷ்ஷுக்குப் போனால் நியாயம் உண்டு. அதற்குக் கட்டிடத்தில் ஃப்ளஷ் தொட்டி தனியாக இருக்க வேண்டும். இருந்தால் கழிவுக் குழாயை நேராக அங்கே கட்டுங்கள், நிர்வாகத்திடம் அளவைக் கழித்துக் காட்டுங்கள். மழைநீர்க் கால்வாயில் விடுவதாக இருந்தால் கட்டுப்பாட்டுக் காலத்தில் இந்த முறை வேண்டாம்.

ஆர்.ஓ. இல்லாமல் ரெசின் மட்டும் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கலப்பு ரெசின் ஒரு லிட்டர் எத்தனை லிட்டர் தண்ணீர் தரும் என்பதற்குத் தோராயக் கணக்கு, 25,000-ஐ உள்ளே வரும் டிடிஎஸ்ஸால் வகுப்பது. 500 டிடிஎஸ் என்றால் 50 லிட்டர். உங்கள் 1,100-க்கு 22 லிட்டர்தான். 480 லிட்டருக்கு 22 லிட்டர் ரெசின் தீர்ந்துபோகும். கட்டுப்படியாகாது. ஆர்.ஓ.வுக்குப் பின் 60 டிடிஎஸ் வந்தால் கணக்குப்படி 400 லிட்டருக்கு மேல் வரும். ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு ஆர்.ஓ. சவ்வைத் தாண்டி வந்து ரெசினைத் தின்னும், மீட்டரிலும் அது தெரியாது. எனவே பாதியையே நம்புங்கள். வெளிவரும் நீர் 10-ஐத் தாண்டினால் ரெசினை மாற்றுங்கள். 20, 30 வரை ஓட்டினால் முதலில் பிடித்துவைத்த சிலிக்காவை ரெசின் விட ஆரம்பிக்கும். சிலிக்கா கறை ஆசிடுக்கும் போகாது.

வைப்பர்கை:
சின்ன வேலைக்கு 20 லிட்டர் தண்ணி கேன் வாங்கி ஊத்திடலாமே? டிடிஎஸ் 50 சுமார்தான் இருக்கும். மெஷின் வேண்டாம், கழிவும் நம்ம கணக்கில் வராது. கேன் எண்ணிக்கைதான் அளவு, யாரும் ஏமாத்த முடியாது.

சங்கச்செயலர்:
அளவுக்குக் கேனைப் பயன்படுத்துவது நல்ல யோசனை, காலிக் கேனில் கட்டிடத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாம். கேன் குடிநீரையே ஊற்றுவதை நான் எதிர்க்கிறேன். அந்தத் தண்ணீரும் ஏதோ ஒரு ஊர் நிலத்தடியிலிருந்து உறிஞ்சி, ஆர்.ஓ.வில் பாதியை வீணாக்கி வருவதுதான். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னன. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்தது. அப்படி ஒரு நிலையில் குடத்தோடு மக்கள் வரிசையில் நிற்கும் தெருவில் குடிக்கும் தண்ணீரைக் கண்ணாடிக்கு ஊற்றினால், தொழிலையே நிறுத்தச் சொல்வார்கள். சொல்லவும் வேண்டும்.

பெங்களூர்வாசி:
சட்ட நிலையும் அதுதான். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் போட்ட உத்தரவு வாகனம் கழுவ, தோட்டத்துக்கு, கட்டுமானத்துக்கு, நீரூற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்றது. முதல் முறை 5,000 ரூபாய் அபராதம், மீண்டும் செய்தால் அதோடு தினமும் 500. அந்த உத்தரவில் தடை 'குடிநீர்' மீதுதான். எனவே பெங்களூருவில் வேலை செய்கிறவர்கள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டத் தயாராக இருக்க வேண்டும். டேங்க் மேல் "ஏசி நீர்", "மழைநீர்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கேட் பதிவேட்டில் அளவோடு எழுதி வையுங்கள். தெருவில் நின்று பார்க்கிறவருக்கு ஹோஸில் வருவது எந்தத் தண்ணீர் என்று தெரியாது, புகார்தான் போகும். வாளி முறையில் அந்தத் தொல்லை இல்லை.

ஏசிபிளாண்ட்:
அலுவலகக் கட்டிடத்தில் குடிநீரும் வேண்டாம், ஆர்.ஓ.வும் வேண்டாம். ஏசி சொட்டுநீர் இருக்கிறது. அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது, ஏறக்குறைய வாலை வடித்த நீர். டிடிஎஸ் பெரும்பாலும் 50-க்குக் கீழேதான் இருக்கும்.

எவ்வளவு கிடைக்கும் என்றால், சென்னை ஈரப்பதத்தில் ஒரு டன் திறனுள்ள ஏசி ஓடினால் மணிக்கு ஒரு லிட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். 100 டன் எட்டு மணி நேரம் ஓடினால் 800 லிட்டர். புதுஒப்பந்தம் கேட்ட ஒரு சுற்றுக்குத் தேவையானது ஒரே நாளில் வந்துவிடும். இவ்வளவையும் இப்போது தரை வடிகாலில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பிடிக்கும் முறை. ஒவ்வொரு மாடியிலும் ஏ.எச்.யு. (குளிர்காற்றை அனுப்பும் இயந்திரம்) அறையில் சொட்டுநீர்த் தட்டுக்குக் கீழே வடிகுழாய் வரும். அதில் 'யு' வளைவு ஒன்று இருக்கும், அதற்குக் கீழே தான் பிரிக்க வேண்டும். வளைவை எடுத்துவிட்டால் ஃபேன் காற்றை உள்ளே இழுத்து, தட்டில் தண்ணீர் தேங்கி, அறைக்குள் கொட்டும். வளைவுக்குப் பிறகு ஒரு டீ, ஒரு வால்வு, 50 லிட்டர் மூடியுள்ள டிரம். டிரம்மின் மேல்பகுதியில் வழிகுழாய் போட்டு மறுபடி வடிகாலில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரவில் நிரம்பி வழியும்.

கவனிக்க வேண்டியவை சில. ஏசி காயிலைக் கெமிக்கல் போட்டுக் கழுவியிருந்தால் இரண்டு நாள் வரும் நீரைப் பிடிக்காதீர்கள். தட்டில் வழவழப்புப் பாசி இருந்தால் முதலில் தட்டைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிடித்த நீரை ஒன்றிரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும், டிரம்மை வெயிலில் வைக்கக் கூடாது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும், நீரைப் பொடித்துளியாகத் தெளித்தால் அது மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். எனவே இந்த நீருக்கு வாளியும் ஸ்க்ரப்பரும் மட்டும். மிஸ்ட் நாசில் வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் வைக்க நேர்ந்தால் 4 சதவீத ஹைபோகுளோரைட் 20 லிட்டருக்கு 1 மி.லி. விடுங்கள். இதைக் குடிக்கக் கூடாது என்று டிரம்மில் தமிழிலும் இந்தியிலும் எழுதுங்கள். தெளிவாகக் குளிர்ச்சியாக இருப்பதால் வேலையாட்கள் குடித்துவிடுவார்கள்.

வைப்பர்கை:
ஃப்ளாட்ல இருக்கிறவங்களுக்கும் இது சரிப்படும். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி ராத்திரி முழுக்க ஓடினா ஒரு வாளி நிறையும். மூணு பெட்ரூம் வீட்டு ஜன்னல் மொத்தத்துக்கும் அது போதும்.

சங்கச்செயலர்:
எங்கள் மாதிரி குடியிருப்புகளில் எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலை) நீர் மீந்துபோகிறது. அதைக் கண்ணாடிக்குப் பயன்படுத்தலாமா?

நீர்சுத்தி:
வேண்டாம். கிருமி ஒரு காரணம். இன்னொன்று, எஸ்.டி.பி. உப்பை எடுக்காது. உள்ளே வந்த தண்ணீரின் உப்போடு சோப்பு, சிறுநீர் உப்பும் சேர்ந்து டிடிஎஸ் ஏறித்தான் வெளியே வரும். தெளிவாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கோயம்பேடு, கொடுங்கையூரில் மெட்ரோ வாட்டர் நடத்தும் ஆலைகள் (தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர்) ஆர்.ஓ. வரை கொண்டுபோய்த் தொழிற்சாலைகளுக்குத் தருகின்றன. அது வேறு தரம்.

எஸ்.டி.பி. பேச்சு வந்ததால் இன்னொன்று. தரைத்தள, முதல்தளக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி மீண்டும் மீண்டும் வருகிறது என்றால் புல்வெளி ஸ்பிரிங்ளரைப் பாருங்கள். எஸ்.டி.பி. நீர் தினமும் கண்ணாடியில் தெறித்துக் காய்ந்துகொண்டிருக்கும். ஸ்பிரிங்ளர் தலையை உள்பக்கம் திருப்புங்கள், அல்லது சொட்டுக்குழாய்க்கு மாறுங்கள். மேல்நிலைத் தொட்டி வழிகுழாய் எந்த ஜன்னலின் தலைக்கு மேல் திறக்கிறது என்பதையும் பாருங்கள். இந்த இரண்டையும் சரிசெய்தால் பாதிக் கறை வேலை இல்லாமல் போகும்.

பெங்களூர்வாசி:
மழைநீர் பற்றி யாரும் சொல்லவில்லையே.

நீர்சுத்தி:
நல்ல நீர்தான், ஆனால் கூரையைப் பொறுத்தது. தகரக் கூரையில் விழுந்தால் முதல் 10 நிமிட நீரை வெளியே விட்டுவிட்டுப் பிடித்தால் டிடிஎஸ் 30-க்குள் இருக்கும். புதிய கான்கிரீட் தளம், சுருக்கி ஓடு போட்ட தளம் என்றால் சுண்ணாம்பு கரைந்து வந்து கடினத்தன்மை ஏறும். அளந்து பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். சென்னையில் மழை முக்கியமாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தட்டுப்பாடு ஏப்ரல் முதல் ஜூலை வரை. அதுவரை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். வெளிச்சம் புகாத கருப்புத் தொட்டி, கொசு புகாத வலை இரண்டும் இருந்தால் மட்டும் செய்யுங்கள். அலுவலகக் கட்டிடத்துக்கு ஏசி நீர்தான் எளிது.

கயிறுமேல்:
தண்ணீரைக் குறைக்கும்போது வரும் பெரிய ஆபத்து கண்ணாடியில் கீறல். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உப்புக்கறையை எடுத்துவிடலாம், கீறலை எடுக்க முடியாது.

ஓ.எம்.ஆரில் மெட்ரோ ரயில் பணி நடக்கும் பகுதிகளில் கண்ணாடியில் இருப்பது சாதாரணத் தூசி அல்ல. மணலும் சிமென்டும் கலந்தது. அதில் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் மணல் கண்ணாடியை அறுக்கும். சிமென்ட் ஈரம் பட்டு இறுகவும் செய்யும். அந்த மாதிரிக் கட்டிடத்தில் முதல் வேலை உலர்வேலை. மென்மயிர் பிரஷ்ஷால், அழுத்தாமல், மேலிருந்து கீழே தட்டிவிடுங்கள். பிரேம் இடுக்கு, லெட்ஜ், ஏசிபி (அலுமினியப் பலகை) விளிம்பு எல்லாவற்றையும் பெயின்ட் பிரஷ்ஷாலோ வேக்குவம் வைத்தோ எடுங்கள். அதன்பின் ஸ்க்ரப்பர் நிறையத் தண்ணீரோடு ஒருமுறை அழுத்தாமல் போகட்டும், மணல் கழுவி இறங்கட்டும். அடுத்த முறைதான் அழுத்தித் தேய்ப்பது. அங்கே 10,000 சதுர அடிக்கு 200 லிட்டர் என்ற கணக்குப் பொருந்தாது, 350 வரை வையுங்கள்.

பிளேடு ஸ்கிரேப்பரை நனைக்காத கண்ணாடியில் வைக்கவே கூடாது. முன்னே தள்ளும்போது மட்டும் வெட்ட வேண்டும். பின்னுக்கு இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், அடியில் சிக்கிய மணல்தான் நீளக் கோடு போடும். பிரதிபலிப்புக் கண்ணாடியில் பூச்சு வெளிப்பக்கம் இருந்தால் பிளேடே கூடாது. கண்ணாடி பொருத்தியவரிடம் பூச்சு எந்தப் பக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அலசிய அழுக்குத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஒரு டிரம்மில் இரண்டு மணி நேரம் அசையாமல் வைத்தால் மணல் அடியில் படியும். மேல்நீரை மெல்ல எடுத்து அடுத்த பகுதியின் முதல் நனைப்புக்குப் பயன்படுத்தலாம். சோப்புத் தண்ணீர் மட்டும் எப்போதும் புதிது. கடற்கரைப் பக்கக் கட்டிடங்களில் இப்படிச் செய்யாதீர்கள், அங்கே அழுக்கில் உப்பு இருக்கும், அது படியாது.

வைப்பர்கை:
பழைய உப்புக்கறைக்கு வாளியிலேயே வினிகர் ஊத்தி எல்லாத்தையும் துடைச்சா, கறைக்குத் தனி வேலை வேண்டாம், தண்ணியும் மிச்சம். சரியா?

நீர்சுத்தி:
சரியில்லை அண்ணே. எல்லாக் கண்ணாடியிலும் ஆசிட் ஓடினால் அலுமினியப் பிரேமின் அனோடைசிங் (மேற்பூச்சு) மங்கும், கீழே கிரானைட் பரவாயில்லை, மார்பிள் இருந்தால் அரித்துவிடும். கறை உள்ள கண்ணாடியை மட்டும் அடையாளமிட்டுத் தனியாகச் செய்யுங்கள்.

சிட்ரிக் ஆசிட் பொடி 50 கிராம் ஒரு லிட்டர் நீரில். பிரேமை முன்பே நல்ல நீரால் நனைத்துக்கொள்ளுங்கள். துணியில் ஆசிடை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்து ஐந்து நிமிடம். தெளித்தால் வீணாகும், துணி ஒட்டினால் 100 மி.லி.யில் ஒரு கண்ணாடி முடியும். காயவிடக் கூடாது. பிறகு வெள்ளை நைலான் பேடால் லேசாகத் தேய்த்து, ஸ்க்ரப்பரில் நல்ல நீர் எடுத்து இரண்டு முறை, வைப்பர். பச்சைப் பேட் கீறும். இதற்கும் போகவில்லை என்றால் சல்ஃபாமிக் ஆசிட் அதே அளவில். அதற்கும் போகவில்லை என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது, சீரியம் ஆக்சைடு பாலிஷ்தான் வழி, சதுர அடிக்குத் தனி விலை.

ஹைட்ரோஃபுளோரிக் கலந்த "கறை நீக்கி" சந்தையில் பெயர் எழுதாத கேனில் கிடைக்கிறது. யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். கண்ணாடியை அரிக்கும். தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே எலும்பு வரை போகும், உயிரையே எடுக்கும்.

புதுஒப்பந்தம்:
கயிற்றில் இறங்குகிறவருக்கு வாளி கனமாக இருக்கும். தோளில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயர், வயலுக்கு மருந்தடிப்பது, 16 லிட்டர், அது பயன்படுமா?

கயிறுமேல்:
கயிற்றில் 16 லிட்டரை முதுகில் மாட்டக் கூடாது. எடை பின்னுக்கு இழுத்து, ஆள் மல்லாந்து தொங்குவார். கயிற்றில் இறங்குகிறவருக்கு 5 லிட்டர் வாளி, சேணத்தில் தனிக் கொக்கியில் கட்டியது. ஸ்க்ரப்பர், வைப்பர், துணி எல்லாவற்றுக்கும் கட்டுக்கயிறு. மேலிருந்து தண்ணீர் விடும் வேலையை இன்னொருவர் பார்க்கட்டும்.

தரையில் நின்று கம்புப் பிரஷ்ஷால் மூன்று மாடி வரை செய்வதற்கு, அல்லது கொண்டோலாவில் (ஆள் நின்று இறங்கும் தொங்குமேடை) வைத்துக்கொள்வதற்கு அந்த ஸ்பிரேயர் நல்ல சாதனம். ஆனால் புதிதாக வாங்கணும். மருந்தடித்த டேங்கை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக்கில் ஊறியது வந்துகொண்டே இருக்கும். நாசிலை எடுத்துவிட்டு குழாயைப் பிரஷ்ஷின் ஜெட்டில் கட்டுங்கள். பெட்டியில் அச்சிட்ட ஓட்ட அளவை நம்பாமல், அளவுக் குடுவையில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் வந்தால் வேகத் திருகைக் குறையுங்கள். மிகக் குறைத்தால் பிரஷ்ஷின் ஒரு பக்கத்தில் மட்டும் நீர் வரும், மறுபக்க மயிர் உலர்ந்து தேய்க்கும். இரண்டு ஜெட்டும் சமமாக வழியும் அளவே கீழ் எல்லை. மேலே தேய்க்கும்போது மட்டும் நீர் ஓடட்டும், கம்பை நகர்த்தும்போது சுவிட்சை நிறுத்துங்கள். கம்பின் பிடியில் ஒரு பந்து வால்வு போட்டால் இதுவே பழக்கமாகிவிடும்.

பிரஷர் வாஷர் யாரும் கொண்டுவராதீர்கள். நிமிடத்துக்கு 6, 7 லிட்டர்தான் என்று சொல்லி விற்பார்கள். ஸ்ட்ரக்சுரல் கிளேசிங்கின் (கண்ணாடியைச் சிலிகானால் ஒட்டிப் பொருத்தும் முறை) சிலிகான் இணைப்பையும் ரப்பர் கேஸ்கெட்டையும் அந்த அழுத்தம் கிளப்பிவிடும். பிறகு மழைக்கு உள்ளே ஒழுகும்.

சங்கச்செயலர்:
ஒப்பந்தத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். எங்கள் பழைய ஒப்பந்தத்தில் "தண்ணீர் கட்டிடத்தார் தருவர்" என்று ஒரே வரிதான் இருக்கிறது.

பெங்களூர்வாசி:
அந்த வரியை உடைத்து எழுதுங்கள். நீரின் மூலம் எது, டிடிஎஸ் எதற்குள், ஒரு சுற்றுக்கு எத்தனை லிட்டர், எந்த மாடியில் எடுத்துக்கொள்வது, அழுக்குநீர் எங்கே போகும், இவை வேண்டும். டிடிஎஸ் சொன்னதைவிட ஏறினால் கறைக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பல்ல என்றும் சேருங்கள், அது நியாயம். வேலை தொடங்கும் முன் இருந்த பழைய கறையை மாடிவாரியாகப் படமெடுத்து இரண்டு பக்கமும் கையெழுத்து.

சுற்றுகளையும் மாற்றலாம். நுழைவாயிலும் தரைத்தளமும் மாதம் ஒருமுறை, வாளி முறையில். மேல் மாடிகள் ஜனவரியில் ஒன்று, மழைச் சேறு போவதற்கு. அடுத்து ஏப்ரலுக்கு முன் ஒன்று. கத்திரி வெயிலில் முழுச் சுற்று வேண்டாம், உலர்தூசி தட்டுவது மட்டும்.

கயிறுமேல்:
சுற்றைக் குறைப்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆறு மாதம் விட்ட அழுக்குக்கு மூன்று மாத அழுக்கைவிட இரட்டிப்பு நீர் கேட்கும், கடலோரத்தில் பிரேமும் உப்பில் அரிக்கும். கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் மூன்று மாதச் சுற்றையே வைத்துக்கொள்ளுங்கள், அளவை மட்டும் குறையுங்கள். உள்ளே தள்ளி இருக்கும் கட்டிடத்துக்கு நீங்கள் சொன்ன அட்டவணை சரி.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி கட்டாயம் வேண்டும். வேலையாட்களுக்கான குடிநீர் இந்த 500 லிட்டரில் சேராது. வெயிலில் கயிற்றில் தொங்குகிறவருக்கு நாளொன்றுக்கு 5, 6 லிட்டர் குடிக்க வேண்டும், உப்புச்சர்க்கரைக் கரைசல் தனி. தண்ணீர் மிச்சம் என்று மேஸ்திரி கை வைக்கும் முதல் இடம் அதுதான், அதை அனுமதிக்கக் கூடாது. கைகால் கழுவ ஆளுக்கு 10 லிட்டரும் தனியாக எழுதுங்கள். ஆசிட் தொடும் நாளில் கண் கழுவ 20 லிட்டர் சுத்த நீர் தொடாமல் பக்கத்தில் நிற்க வேண்டும்.

புதுஒப்பந்தம்:
நன்றி. இப்படித் திட்டமிட்டிருக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். ஏ.எச்.யு. ஆறு மாடியிலும் 50 லிட்டர் டிரம் வைத்து ஏசி நீர் சோப்பு வாளிக்கு. அலசும் வாளிக்கு மட்டும் லாரித் தண்ணீர். இரண்டு பேர் கயிற்றில், ஒருவர் மேலே. முதல்நாள் முழுக்க உலர்வேலை.

நீர்சுத்தி:
சரியான பிரிப்பு. ஒரு திருத்தம், அலசிய ஸ்க்ரப்பரை நன்றாகப் பிழிந்துவிட்டு ஏசி நீர் வாளிக்குள் விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லாரி நீரின் உப்பு அங்கே ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு மாடி முடிவிலும் சோப்பு வாளியில் மீட்டரை வையுங்கள், 300-ஐத் தாண்டினால் வாளியை மாற்றுங்கள். சோப்பு போட்டதாலேயே கொஞ்சம் ஏறிக் காட்டும், எனவே புதிதாகக் கலந்தவுடன் ஒரு முறை அளந்து எழுதிக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள்.

கயிறுமேல்:
கயிறு தேயும் பாரபெட் விளிம்பில் ரப்பர் உறை, ஆளுக்கு வேலைக்கயிறு ஒன்று பாதுகாப்புக்கயிறு ஒன்று, இரண்டும் வேறு வேறு ஆங்கரில். ஆசிட் வேலையைக் கயிற்றில் தொங்கிச் செய்ய வேண்டாம், நைலான் கயிறு ஆசிட் பட்டால் வெளியே தெரியாமல் வலுவிழக்கும். அந்தக் கண்ணாடிகளைக் கொண்டோலா வரும் நாளுக்கு ஒதுக்குங்கள்.

புதுஒப்பந்தம்:
கறையுள்ள கண்ணாடி மொத்தம் 14, எல்லாம் முதல்தளத்தில் ஸ்பிரிங்ளர் பக்கம். அதற்குச் சாரமே போதும். ஸ்பிரிங்ளரைத் திருப்பச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டு, திருப்பிய பிறகுதான் ஆசிட் வேலையைத் தொடங்கப்போகிறேன்.